சுஜியின் காலில் பட்ட சூடு

யூலை 1, செவ்வாய்

விடிந்ததிலிருந்து சோளகக் காற்று. யன்னலைத் திறந்தால் வெட்டி வைத்த துணியெல்லாம் பறக்கிறது, சாத்தினால் புழுக்கம். பூமணி அக்காவின் இரண்டு சட்டையும் முடிந்த மாதிரி. கைமடிப்பு மட்டும் பாக்கி. நயினாதீவுத் திருவிழா என்றால் எங்கள் சுருவில் ஊர் முழுக்க ஒரே நாளில் சட்டை கேட்கும். எனக்கு இருப்பது இரண்டு கையும் ஒரு மிசினும்.

சுஜி நேற்றுப் பின்னேரம் வந்து சேர்ந்தாள். என் மனிசனின் தாய்மாமன் மகள். கனடா. புருசனுக்கு லீவு இல்லையாம், தனிய வந்திருக்கிறாள். திருவிழாவுக்கும், இறுப்பிட்டியில் தகப்பன் விட்டுப்போன காணியைப் பார்க்கவும். ஞாயிறு வரைக்கும் எங்கள் வீட்டில்தான்.

இங்கேதான் எழுதலாம், வேறு யாரிடம் சொல்வது. சின்னனில் இவருக்கென்று பேசி வைத்த பெட்டை இவள்தான். எனக்குக் கலியாணம் முடிந்த முதல் கிழமையே மாமி சொன்னவர். "அண்ணை குடும்பத்தோட கனடாவுக்குப் போகாட்டில் சுஜிதான் இந்த வீட்டுக்கு வந்திருப்பாள்." தேத்தண்ணி குடித்துக்கொண்டு, விறகு முடிந்துபோச்சு என்று சொல்வது மாதிரிச் சொன்னார். மாமி போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தச் சொல் போகவில்லை.

கொண்டுவந்தவை: மகள் ஆரணிக்குப் பொம்மை, சொக்கிலேற், மினுங்குகிற சப்பாத்து. இவருக்குத் தோல் பெட்டிக்குள் ஒரு ஸ்பானர் செற். அதைத் திறந்து பார்த்த முகத்தை ஆரணி பிறந்த அன்றைக்குத்தான் கடைசியாகப் பார்த்தேன். எனக்கு ஒரு சென்ற் போத்தல். மலிவான மணமாக இருக்கும் என்று திறந்து பார்த்தேன். நல்ல மணம். அதுவும் எரிச்சல்.

வாய்க்கு வாய் அத்தான். "அத்தான், உங்கட கராஜைக் காட்டுங்கோ." "அத்தான், இதென்ன சாமான்?" கராஜ் என்பது வீட்டுப் பக்கத்தில் நாலு தூணும் தகரமும். அதைச் சுற்றிக் காட்ட அரை நாள் எடுத்தது. நான் இவரை "இஞ்சருங்கோ" என்றுதான் கூப்பிடுகிறேன். ஒன்பது வருசமாக வேறு சொல் அகப்படவில்லை.

நாளைக்கு: கறுப்பு நூல். கைமடிப்பு. நண்டு வாங்க. அவளுக்கு நண்டு பிடிக்கும் என்று இவர் சொன்னார். எனக்கு என்ன மீன் பிடிக்கும் என்று கேட்டால் தெரியுமோ தெரியாது.

யூலை 2, புதன்

காற்று அப்படியே. நூல் வாங்க மறந்துபோனேன்.

காலமையே இரண்டு பேரும் இறுப்பிட்டிக்கு, காணி பார்க்க. "மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திடுவம்" என்றார். வரவில்லை. ஆரணிக்கும் எனக்கும் போட்டுச் சாப்பிட்டேன். நண்டுக்கறி ஆறி, மேலே எண்ணெய் கட்டி, பார்க்கவே பிடிக்காமல் மூடி வைத்தேன். வெயில் சாய்ந்த பிறகு வந்தார்கள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. காணி முழுக்கப் பத்தை. வேலியே தெரியேல்லை. பிறகு குறிகட்டுவான் துறைக்கும் போயிட்டு வந்தனாங்கள், திருவிழாச் சனத்தைப் பாக்க."

"அதுக்கென்ன" என்றேன். அதுக்கென்ன என்று சொல்லச் சொல்லவே பல்லு கூசியது.

இவர் சாப்பிட்டுக்கொண்டே ஏதோ பாட்டு முணுமுணுத்தார். இவருக்குப் பாட்டு வரும் என்பதே எனக்குப் புதினம்.

கராஜில் திருத்த வந்து நிற்கிற ஓட்டோவில்தான் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

யூலை 3, வியாழன்

திருவிழாவுக்குச் சேலைதான் கட்டப் போகிறாளாம். சட்டையும் உள்பாவாடையும் நான் தைக்க வேண்டும். காலமை அளவு எடுத்தேன். இடுப்பு என் இடுப்பைவிட இரண்டு விரல் குறைவு. எழுதிக்கொண்டேன். எழுதும்போது பென்சில் முனை முறிந்தது.

பாவாடை நீளம் எடுக்கக் குனிந்தேன். முக்கால் காற்சட்டை போட்டிருந்தாள். வலக்கால், உள்பக்கம், கெண்டைக்குக் கீழே, சிவந்து பொக்களித்து ஒரு சூடு.

"இதென்ன சுஜி?"

"ஐயோ, அது மோட்டச்சைக்கிள் பைப் அக்கா. இறங்கேக்க பட்டிட்டுது."

"ஓட்டோவிலயெல்லோ போனனீங்கள்?"

"இல்லையே. அத்தான்ர மோட்டச்சைக்கிள்ள. நல்லா இருந்தது, அந்தப் புங்குடுதீவுப் பாலத்தில காத்து!"

அளவு நாடாவைக் கையில் பிடித்தபடி கணக்குப் பார்த்தேன். பைப் இருப்பது வலப்பக்கம். நான் இருக்கிறது ஒருபக்கமாக, இரண்டு காலும் இடப்பக்கம் தொங்கவிட்டு. கட்டின நாளிலிருந்து அப்படித்தான். என் வயதுக்காரிகள் எல்லாரும் அப்படித்தான். வலக்காலின் உள்பக்கம் சுடுவது என்றால் இரண்டு பக்கமும் கால் போட்டு இருந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் எதைப் பிடிப்பாள்? பின்னால் கம்பி இருக்கிறதே, அதைப் பிடித்திருப்பாள் என்று மனதைத் தேற்றினேன். பிறகு ஞாபகம் வந்தது. அந்தக் கம்பியை இவர் போன மாதம் ஒட்டுவதற்கென்று கழற்றி, கராஜ் மூலையில் போட்டபடி கிடக்கிறது.

அதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால் வெட்கம். போட்டிருந்த நீளச் சட்டையின் கரையைத் தூக்கி என் காலைக் காட்டினேன். எனக்கும் இருக்கிறது, பார், உன்னுடையதைவிடப் பழசு என்கிற மாதிரி. இரண்டு ரூபாய்க் காசுக் குத்தி அளவு, கறுத்து, தோல் சுருங்கி. கலியாணம் முடிந்த மாதம், வேலணைச் சந்தையடியில், கைபிடியில் கொழுவியிருந்த பையை எடுக்க வலப்பக்கம் சுற்றி வரும்போது பட்டது.

சுஜி குனிந்து தடவிப் பார்த்தாள். "அத்தான் என்ன செய்தவர்?"

"பற்பசை பூசிவிட்டவர்."

"பிறகு?"

"பிறகென்ன. தீவுப்பகுதியில பைப் சூடு இல்லாத கால் இருக்கோ எண்டு கேட்டவர்."

அவள் சிரிக்கவில்லை. நான் எதிர்பார்த்தது சிரிப்பு.

பின்னேரம் பூமணி அக்கா சட்டை எடுக்க வந்தவர். போகிற போக்கில் கேட்டார், "நேத்து உம்மட மனிசன்ர மோட்டச்சைக்கிள்ள ஆர் பிள்ளை அது? ஆம்பிளையள் மாதிரி ரெண்டு பக்கமும் கால் போட்டுக்கொண்டு? நான் பஸ்ஸுக்குள்ள இருந்து பாத்தனான்."

"இவரின்ர மச்சாள்" என்றேன்.

"ஓ, மச்சாளோ" என்றார். அந்த ஓவுக்கு அரை மைல் நீளம்.

யூலை 4, வெள்ளி

ஆரணி இப்போது அவளோடுதான் படுக்கிறாள். கதை சொல்கிறாளாம். சரி.

இவர் காலமை யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய் மத்தியானம் வந்தார். கையில் ஒரு சுருள். நாடாச் சுருள் மாதிரி, இரண்டு விரல் அகலம், மண் நிறம், நெருக்கமாக நெய்தது. தையல்காரிக்கு நாடாவைக் கண்டால் கை சும்மா இராது. தொட்டேன். சொரசொரப்பு.

"என்ன இது?"

"சூட்டுப் பட்டி. கல்லை உருக்கி இழைச்சதாம். பைப்பில சுத்திவிட்டா சூடு வெளியில வராது. கால் பட்டாலும் ஒண்டும் செய்யாது."

ஒன்பது வருசம் இந்தக் காலோடு இவருக்குப் பின்னால் இருந்து போகிறேன். வேலணை, ஊர்காவற்றுறை, மண்டைதீவு, ஆஸ்பத்திரி, கோயில், செத்தவீடு. பைப்புக்கு ஒரு துணித்துண்டும் சுற்றத் தோன்றவில்லை. அவள் ஒரு நாள் ஏறினாள், ஒரு பொக்களம் வந்தது, அடுத்த நாளுக்கு அடுத்த நாள் ரவுணிலிருந்து கல்லை உருக்கி இழைத்த பட்டி வருகிறது! பொறாமை என்று எழுதுகிறேன். பொறாமைதான்.

இவர் வேண்டிய அளவு துண்டை வெட்டி என்னிடம் தந்தார். கை முழுக்க ஓட்டோ எண்ணெய். "வதனி, இதை ஒரு வாளியில ஊறப் போடும். நல்ல தண்ணியில. கிணத்துத் தண்ணி வேண்டாம், உப்பு பட்டிக்குள்ள நிண்டு இரும்பைத் திண்டுபோடும். ஊறினாத்தான் இழுத்து இறுக்கலாம்."

நல்ல தண்ணி. தண்ணி கொண்டுவருகிற பவுசர் இனித் திங்கள்தான். குசினிப் பீப்பாவில் பாதிக்குக் கீழே. சுஜி தலை முழுகுவதே அதில்தான், கிணற்றுத் தண்ணியில் அவளுக்குத் தலைமயிர் சிக்காகுதாம், அதற்கும் நான் வாய் திறக்கவில்லை. இப்போது அவளுடைய கால் சுடாமல் இருக்கவும் குடிக்கிற தண்ணியில் ஒரு வாளி.

கிணற்றடிக்குப் போனேன். அள்ளினேன். ஊறப் போட்டேன். கைதவறி இல்லை. தெரிந்துதான் போட்டேன். உக்கிக் கொட்டட்டும் என்று வாய்விட்டும் சொன்னேன். கேட்க ஆள் இல்லை, பூவரசில் ஒரு காகம் மட்டும்.

யூலை 5, சனி

சுஜியின் சட்டை முடிந்தது. தோள் பக்கம் அரை விரல் இறுக்கி விடுவோமா என்று ஒரு யோசனை வந்தது. விடவில்லை. பிழையாகத் தைத்தால் கனடா முழுக்க என் பேர்தான் கெடும். நன்றாகவே வந்திருக்கிறது, கழுத்து வளைவு என் கையால் இதுவரை தைத்ததில் திறம்.

இவர் பைப்பைக் கழற்றி, கம்பித் தூரிகையால் துரு தேய்த்து, பட்டி சுற்றினார். அவள் பட்டியின் மற்ற முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆம், அவள்தான் பிடித்தாள். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு பொத்தான் தைத்தேன். விரலில் ஊசி ஏறியது.

சுற்றிய விதம் கண்கொண்டு பார்க்க ஏலாது. ஒரு சுற்று மற்றதில் பாதி ஏற வேண்டும். இவருக்கு ஓரிடத்தில் முழுவதும் ஏறுகிறது, வளைவில் இரும்பு பல்லைக் காட்டுகிறது. சட்டைக் கழுத்துக்குப் பைப்பிங் பட்டி வைக்கிறவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு முனையிலும் சில்வர் கிளிப் போட்டு இறுக்கினார்.

மோட்டச்சைக்கிளை ஸ்ராட் பண்ணியதும் வெள்ளைப் புகை. ஆரணி "பத்துது! பத்துது!" என்று கத்தி ஓடினாள். "முதல் தரம் அப்பிடித்தான். ஈரம் காயுது" என்றார் இவர். நாற்றம் குசினி வரைக்கும். பின்னேரம் இரண்டு பேரும் முழங்கை வரை சொறிந்துகொண்டு திரிந்தார்கள். பட்டியின் இழை கையில் ஏறிவிட்டதாம். எண்ணெய் கேட்டார்கள். எண்ணெய் அலுமாரியில் இருக்கு, எடுத்துப் பூசுங்கோ என்றேன். எழும்பிப் போய் எடுத்துக் கொடுக்கவில்லை.

யூலை 6, ஞாயிறு

சுஜி போய்விட்டாள். சொந்தக்காரர் பிடித்த வானில் ஏறிக் குறிகட்டுவான், அங்கிருந்து படகில் நயினாதீவு, பிறகு கொழும்பு, கனடா. அந்தச் சேலையில், அந்தச் சட்டையில், ஒரு சுருக்கம் இல்லை. வானுக்குள் இருந்த கிழவிகள் எல்லாம் "ஆர் தைச்சது?" என்று கேட்டார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

படலையடியில் என்னைக் கட்டிப்பிடித்தாள். காதுக்குள் சொன்னாள்.

"இனிப் பயமில்லாம ஏறுங்கோ அக்கா. உங்கட காலைப் பாத்து எனக்கு அழுகை வந்திட்டுது. அண்டைக்கே அத்தானைப் பேசினனான். இவ்வளவு காலமும் இந்த மனிசிக்கு ஒண்டும் செய்யாம இருந்திருக்கிறியள், வெக்கமில்லையோ எண்டு. ரவுணில கிடைக்கும் எண்டு போனில பாத்துக் குடுத்ததும் நான்தான்."

வான் போகும் வரைக்கும் கை காட்டினேன். பிறகு வாழையடியில் போய் நின்றேன்.

அப்போ, பட்டி எனக்குத்தான். அவளுக்கு இல்லை. சந்தோசப்பட வேண்டும். சந்தோசப்பட முயன்று பார்த்தேன், வரவில்லை. எனக்குச் செய்ய வேண்டியதும் அவள் வாயால் சொல்லித்தான் இவருக்குத் தெரிகிறது. என் காலை இவர் ஒன்பது வருசம் பார்த்தார், அவள் ஒரு தரம் பார்த்தாள். இதைவிட, அவளுக்கென்றே சுற்றியிருந்தால் குறைவாக வலித்திருக்கும்.

அதோடு இன்னொன்று. உப்பு. எனக்குச் சுற்றின பட்டிக்குள் நானே உப்பை வைத்திருக்கிறேன். யாரிடம் சொல்லி அழுவது.

யூலை 7, திங்கள்

பவுசர் வந்தது. இரண்டு பீப்பாவும் நிரப்பியாயிற்று. நூல் வாங்கியாயிற்று. ஆரணியின் தலையணையில் இன்னும் அவளுடைய மணம். உறையைக் கழற்றித் தோய்த்தேன். ஆரணி அழுதாள். ஒரு சொக்கிலேற் கொடுத்துச் சமாளித்தேன், அதுவும் அவள் கொண்டுவந்ததுதான்.

யூலை 8, செவ்வாய்

காலமை இவர் மோட்டச்சைக்கிளைத் துடைக்கப் போனவர், குனிந்தபடி நின்றார். எட்டிப் பார்த்தேன். பட்டி முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். குசினிப் பக்கம் திரும்பினார்.

"வதனி, எந்தத் தண்ணியில ஊறப் போட்டனீர்?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"கிணத்துத் தண்ணியில."

"நான் சொன்னனானெல்லே?"

"சொன்னனீங்கள். கேட்டனான். அவளின்ர காலுக்குச் சுத்திறியள் எண்டு நினைச்சுத்தான் போட்டனான். உக்கிக் கொட்டட்டும் எண்டுதான் போட்டனான். இப்ப என்ன?"

கவிழ்த்து வைத்த வாளியில் இருந்துவிட்டார். கோபிப்பார் என்று நின்றேன். கோபிக்கவில்லை.

"அது உமக்கெல்லே வாங்கினது."

"தெரியும். அதையும் அவள்தான் சொன்னவள். அவள் பேசித்தானே வாங்கினியள்? ஒன்பது வருசமா இந்தக் கால் உங்கட கண்ணுக்கு முன்னாலதானே கிடக்குது?"

"ஓம்."

"என்ன ஓம்?"

"அவள் சொல்லித்தான். எனக்குத் தோணேல்லை." பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, "தோணியிருக்க வேணும்."

எழும்பினார். பைப்பைக் கழற்றினார். பட்டியை அவிழ்த்தால் துண்டு துண்டாக உதிர்ந்தது, அடியில் இரும்பு அதற்குள்ளேயே மஞ்சள் மஞ்சளாகத் துரு பிடிக்கத் தொடங்கியிருந்தது. தேய்த்தார். நல்ல தண்ணியில் கழுவினார். சுருளில் மிச்சம் இருந்த பட்டியை நானே வெட்டி, நல்ல தண்ணியில் ஊறப் போட்டேன். யாரும் கேட்கவில்லை.

ஊறின பிறகு வாங்கிக்கொண்டேன். "தாங்கோ இஞ்ச. நீங்கள் சுத்தினது பாக்கச் சகிக்கேல்லை."

கையில் பழைய காலுறையை மாட்டிக்கொண்டேன், இழை ஏறாமல் இருக்க. இவர் பைப்பை மடியில் வைத்து மெல்ல மெல்ல உருட்ட, நான் சுற்றினேன். பாதிக்குப் பாதி ஏற, வளைவில் கொஞ்சம் சரித்து இழுத்து. கழுத்துப் பட்டி மாதிரியே வந்தது. தலைக்குத் தலை முட்டுகிற கிட்டத்தில் இருந்தோம். கலியாணவீட்டுப் படத்துக்குப் பிறகு இவ்வளவு நேரம் இவ்வளவு கிட்ட இருந்தது குறைவு. அந்தத் தைரியத்தில் கேட்டேன்.

"அவளைக் கட்டியிருக்கலாம் எண்டு எப்பவாவது நினைச்சனீங்களோ?"

வேறு யாரும் என்றால் உமக்கென்ன விசரே என்று கேட்டிருப்பான். நானும் அந்தச் சொல்லுக்குத்தான் காத்திருந்தேன். இவருக்குப் பொய் வராது. இப்படி ஒரு ஆளாகப் பார்த்துக் கட்டிவைத்த என் அப்பாவை இன்றைக்குத் திட்டினேன்.

"நினைச்சனான்."

"எப்ப?"

"போன புதன்கிழமை."

"எவ்வளவு நேரம்?"

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"புங்குடுதீவுப் பாலம் முடியுமட்டும்."

"பிறகு?"

"பிறகு ரோட்டில மாடு நிண்டது."

பட்டியை நான் விடவில்லை. விட்டால் சுற்றினது முழுக்க அவிழ்ந்துவிடும். கண் மறைத்தது, கையால் தடவித் தடவிக் கடைசி வரைக்கும் சுற்றினேன். இவர் கிளிப் போட்டார். இறுகி இருக்கிறதா என்று இரண்டு பேரும் ஒரே இடத்தில் தொட்டுப் பார்த்தோம்.

யூலை 9, புதன்

வீட்டில் கதை இல்லை. ஆரணிக்கூடாகத்தான் கதை. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "அம்மாட்ட உப்புக் காணாது எண்டு சொல்லு." உப்பு என்றதும் இவருக்கே சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. குசினிக்குள் போய்ச் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

கழன்று கிடந்த பின்கம்பியை ஒட்டிப் பூட்டியிருக்கிறார். யாரும் சொல்லவில்லை. கண்டேன், கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

யூலை 10, வியாழன்

பூரணைப் போயா விடுமுறை. காற்று கடுமை. ஆரணியைப் பூமணி அக்காவிடம் விட்டேன்.

"இஞ்சருங்கோ, என்னைப் பாலத்தால ஒருக்கா ஏத்திக்கொண்டு போங்கோ."

"எங்க போக?"

"பாலத்துக்குத்தான்."

மோட்டச்சைக்கிள் திறப்பை எடுத்தார். ஒருபக்கமாகத்தான் இருந்தேன். அவள் மாதிரி இருக்க எனக்கென்ன தலைவிதி. கம்பியைப் பிடிக்கவில்லை, இவருடைய தோளைப் பிடித்தேன். வேலணை தாண்டி, பாலத்தில் ஏறினோம். திருவிழா முடிந்து வருகிற வான்கள் எதிரே. இரண்டு பக்கமும் கடல், மணல் நிறத்தில். பிறந்ததிலிருந்து போய் வருகிற பாலம், எத்தனையோ தரம் இதில் நித்திரை தூங்கிக்கொண்டே போயிருக்கிறேன்.

இன்றைக்குக் கண்ணை மூடவில்லை. நடுப்பகுதி வந்துவிட்டதா என்று பார்த்தேன், வரவில்லை. இனி முடிந்துவிடும் என்று பார்த்தேன், முடியவில்லை.

காற்றுக்கு மேலால் இவர் கத்திக் கேட்டார். "கால் சுடுதோ?"

"இல்லை" என்று கத்தினேன்.

சுடவில்லைதான், பைப் மற்றப் பக்கம். ஆனால் இந்தச் சனி பிடித்த பாலம் இவ்வளவு நீளம் என்று இவ்வளவு காலமும் எனக்கு யாரும் சொல்லவில்லை.